மணி அடித்தால் ஓட வேண்டுமே!

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று வீச ஆரம்பித்துவிட்டால், எங்கள் தென்காசிப் பக்கம் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். "குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாமே?" என்று மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் விசாரிப்பார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒரு சுற்றுச் சுற்றி, தலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அருவி என்றாலே ஆனந்தம்தான்.

எங்களைப்போல் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அதன் இன்னொரு முகமும் தெரியும். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் நிறம் மாறும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 2024-ம் வருஷம் மே 17-ம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாறை இடுக்குகளில் இறங்கித் தேடி அவன் உடலை எடுத்துக்கொடுத்தவர்கள் தீயணைப்பு வீரர்கள்.

அன்று அந்தப் பெற்றோரை நினைத்து அழாத தாய்மார் எங்கள் ஊரில் இல்லை. நான் அதோடு கூட இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். மற்றவர்கள் கரையேறி ஓடுகிற தண்ணீரில், வழுக்கும் பாறையில், கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, அந்த உடம்புக்கு எவ்வளவு பலம் வேண்டும்? அதை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்? கொஞ்சம் விசாரித்தேன், கொஞ்சம் படித்தேன். இல்லத்தரசிகளான நமக்கும் அதில் பெரிய பாடம் இருப்பதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

மூன்று குடம் தண்ணீர்

'தீயணைப்பு' என்று பெயரே தவிர, அவர்களுக்கு வருகிற அழைப்பில் நெருப்பு ஒரு பகுதிதான். நமது மாநிலத்தில் அந்தத் துறைக்கே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை' என்றுதான் பெயர். கிணற்றில் விழுந்த பசுமாட்டைத் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, பனைமரத்துக் கதண்டுக் கூட்டை அழிப்பது, புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து வழி செய்வது எல்லாமே அவர்கள் தலையில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தபோது, வீட்டு மாடிகளில் சிக்கிக்கொண்டவர்களை மீட்கப் போனவர்களில் அவர்களும் உண்டு.

அந்த வேலையின் கனத்தை நம் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன், கேளுங்கள். தீயணைக்கிற ஹோஸ் இருக்கிறதே, அது சுருட்டி வைத்திருக்கும்போது கித்தான் மாதிரி சப்பையாகத்தான் இருக்கும். 63 மில்லிமீட்டர் குறுக்களவும் 15 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸில் தண்ணீர் நிரம்பினால், உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 47 லிட்டர். அதாவது மூன்று பெரிய குடம்! ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு படி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது. இவர்கள் மூன்று குடத்தை, அதுவும் பாம்பு மாதிரி உதறிக்கொண்டு போகிற மூன்று குடத்தை, இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். புகைக்குள் போவதென்றால் தடித்த உடுப்பு, தலைக்கவசம், பூட்ஸ், முதுகில் காற்று உருளையுடன் மூச்சுக்கருவி என்று எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் போய்விடும். இத்தனையும் சுமந்து மாடி ஏறி, மயங்கிக் கிடப்பவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

ஓடும் தண்ணீரோ இன்னொரு விதம். முழங்கால் அளவு வெள்ளம் வேகமாக வந்தாலே பெரியவர்களைக்கூடத் தள்ளிவிடும். அதில் காலை ஊன்றி நிற்கத் தொடையும் இடுப்பும் கல் மாதிரி இருக்க வேண்டும்.

இருபது வயதில் ஓடியது நாற்பதில் போதுமா?

தமிழ்நாட்டில் தீயணைப்பு வீரராகச் சேர்வதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் உடல் தகுதித் தேர்வு வைக்கிறது. 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். இருபது, இருபத்திரண்டு வயதில் நம் பிள்ளைகள் காலை நாலு மணிக்கு எழுந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிப் பழகி, தேறி, வேலைக்கும் போய்விடுகிறார்கள்.

ஆனால் வேலை இருபது நாளா? ஐம்பது வயது தாண்டியும் அதே ஏணி, அதே ஹோஸ், அதே வெள்ளம். உடம்பு மட்டும் அதே உடம்பாக இருக்குமா? அதனால்தான் பணி நேரத்திலேயே உடற்பயிற்சி செய்வதைப் பல தீயணைப்பு நிலையங்கள் வேலையின் ஒரு பகுதியாக வைத்திருக்கின்றன. 'நேரம் கிடைத்தால் செய்' என்பதல்ல. வண்டியைத் துடைப்பதும் பம்பை ஓட்டிப் பார்ப்பதும் எப்படிக் கடமையோ, அப்படி உடம்பைத் தயார் செய்வதும் கடமை.

எங்கள் தெருவில் ஒரு தீயணைப்பு வீரரின் மனைவி இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள். "ஏளா, உங்க வீட்டுக்காரர் டூட்டியில் என்னதான் செய்வாரு? தீப்பிடிக்கிற வரைக்கும் சும்மாதானே இருக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது!

"நல்லாக் கேட்டீய போங்க யக்கா! சும்மா இருக்கவா சம்பளம் குடுக்காவ? காலையில ஆஜர் எடுத்ததும் மொதல்ல ஓட்டம். பெறவு தண்டால், பஸ்கி. அதுக்கப்புறம் ஏணி டிரில்லு, ஹோஸ் டிரில்லு, கயித்துல முடிச்சுப் போடுறது. சாயங்காலம் மணி அடிக்கலைன்னா வாலிபால். எங்க வீட்டு அவிய சொல்லுவாவ, விளையாட்டும் டூட்டிதாம்னு" என்றாள்.

அப்புறம் அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனசில் தைத்தது. "ஆனா ரொம்பச் செய்ய மாட்டாவ யக்கா. நாக்குத் தள்ளுற வரைக்கும் ஓடிட்டு உக்காந்திருக்கையில மணி அடிச்சா என்ன செய்ய? பாதி பலத்தைக் கையில வச்சிக்கிட்டுத்தான் பயிற்சி பண்ணணும்பாவ."

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்! பந்தய வீரர் ஒருநாள் போட்டிக்காகத் தன்னைத் தயார் செய்கிறார். போட்டி எந்தத் தேதி என்று அவருக்குத் தெரியும். தீயணைப்பு வீரருக்குத் தெரியாது. அடுத்த நிமிஷமேகூட மணி அடிக்கலாம். ஆகவே களைத்து விழும்படி செய்யக் கூடாது. செய்யாமலும் இருக்கக் கூடாது. தினமும், அளவோடு, நடுவில் தண்ணீர் குடித்து, பயிற்சி முடிந்ததும் உடம்பை மெல்ல ஆற்றி, எந்நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருக்க வேண்டும். இதுதான் பணிநேரப் பயிற்சியின் ரகசியம்.

நெருப்பைவிட ஆபத்தானது

தீயணைப்பு வீரர்களின் உயிருக்கு நெருப்புதானே பெரிய எதிரி என்று நாம் நினைப்போம். அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்தால், பணியில் இறக்கிறவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் மாரடைப்பு போன்ற இதய நோயால்தான் இறந்திருக்கிறார்கள். 2007-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். தீயை அணைக்கும் நேரம் அவர்களுடைய பணி நேரத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் இதய நோயால் நேர்ந்த சாவுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

காரணம் யோசித்தால் புரியும். தூங்கிக்கொண்டிருப்பவர் மணி அடித்ததும் துள்ளி எழுகிறார். அந்த நொடியிலேயே இதயம் படபடவென்று அடிக்கிறது. பிறகு கனமான உடுப்பு, அனல், புகை, பாரம், பயம். வேர்த்து வேர்த்து உடம்பில் நீர் குறைகிறது. தினமும் அளவோடு பழக்கப்பட்ட இதயம் இதைத் தாங்கும். பழக்கமே இல்லாத இதயம் தடுமாறும்.

2019-ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் 1104 பேரை எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, 10 வருஷம் கவனித்து வந்தார்கள். 40-க்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10-க்கும் குறைவாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இதய நோய் 96 சதவீதம் குறைவாக இருந்ததாம்! தண்டாலில் மந்திரம் ஒன்றும் இல்லை. அத்தனை எடுக்க முடிகிறது என்றால் உடம்பு பொதுவாகவே நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஆராய்ச்சி ஆண்களை மட்டும் வைத்துச் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் நாளைக்கே நாற்பது தண்டால் எடுக்கக் கிளம்ப வேண்டாம்!

"இதெல்லாம் ஆண்கள் வேலைதானே" என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் 2002-ல் முதல் பெண்ணாகச் சேர்ந்து படித்துத் தேறியவர் ஹர்ஷினி கன்ஹேகர். நம் தமிழ்நாட்டில் 2003-ல் தீயணைப்பு அதிகாரியாகச் சேர்ந்தவர் பிரியா ரவிச்சந்திரன். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் கலசமகால் கட்டடம் தீப்பிடித்தபோது, உள்ளே போய் வேலை செய்த அவர் பலத்த தீக்காயம் அடைந்தார். உடன் இருந்த அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். பிரியா பிழைத்து எழுந்து மறுபடியும் பணிக்குத் திரும்பினார். ஏணிக்கும் நெருப்புக்கும் ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. பலம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

நம் வீடும் ஒரு நிலையம்தான்

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. நமக்கும் ஷிப்ட் முடிவதே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடிக்கும், அழுகைதான் மணி. தூக்கமும் துண்டு துண்டுதான். குளியலறையில் மாமியார் வழுக்கி விழுந்தால் தூக்க ஓடுவது நாம்தான். ரோட்டை நோக்கி ஓடுகிற மூன்று வயதுப் பிள்ளையை எட்டிப் பிடிப்பதும் நாம்தான். அருவிக் கரையில் 'ஓடு, ஓடு' என்று கூச்சல் கேட்டால், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டியதும் நாம்தான். அந்த நேரத்தில் முழங்கால் மடக்க வரவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் என்ன செய்வது?

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே!" என்பீர்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் இருந்த காலத்தில் சரி. இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு, நின்ற இடத்திலேயே நிற்கிறோம். காலும் இடுப்பும்தான் வலிக்கின்றன. வீடு துடைப்பதும் துணி துவைப்பதும் உடம்புக்கு அசைவு தரும், மறுக்கவில்லை. ஆனால் தீயணைப்பு வீரர்களும்தான் வண்டி கழுவுகிறார்கள், ஹோஸ் காயப்போடுகிறார்கள். வேலை செய்கிறோமே என்று அவர்கள் பயிற்சியை விட்டுவிடவில்லை. வேலையில் பலம் செலவாகிறது, பயிற்சியில்தான் சேருகிறது.

நேரம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன யோசனைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு மூச்சு வாங்குகிற அசைவு வேண்டும். இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷமாகச் செய்வதும் கணக்கில் சேரும். அதாவது, நம் 'டூட்டி'யிலேயே செய்யலாம்!

டூட்டியிலேயே செய்யக் கூடியவை

பால் காய்கிற நேரத்தில்: மேடையை லேசாகப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். 15 தடவை. படி ஏறவும் வழுக்காமல் நிற்கவும் கெண்டைக்கால் பலப்படும்.

குக்கர் விசில் வருவதற்குள்: சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். 10 தடவை. இது நமக்கேற்ற தண்டால். நன்றாகப் பழகிய பிறகு சுவருக்குப் பதில் உறுதியான, அசையாத மேடையில் கையை ஊன்றிச் செய்யலாம்.

பிள்ளை பாடம் படிக்கும்போது: கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். 10 தடவை. முழங்கால் வலி இல்லாதவர்கள் தோப்புக்கரணமே போடலாம். பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால் அதற்கும் சிரிப்பு, நமக்கும் பயிற்சி.

கடைக்குப் போய் வந்ததும்: இரண்டு பையிலும் சமமாக மூன்று கிலோ இருக்கட்டும். இறக்கி வைப்பதற்கு முன் முதுகை நிமிர்த்தி வீட்டுக்குள் இரண்டு சுற்று நடங்கள். வீரர்கள் பாரம் தூக்கி நடப்பதும் இதே முறைதான்.

சாயங்காலம்: இருபது நிமிஷம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பாரம் தூக்கும் முறையையும் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதைக் குனிந்து முதுகால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பொருளுக்கு அருகில் போய், காலை அகட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலின் பலத்தால் எழ வேண்டும். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பக் கூடாது. காலை எடுத்து வைத்துத்தான் திரும்ப வேண்டும். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும்போதும் இதே முறைதான்.

இளம் தாய்மார்களுக்கு

சுகப்பிரசவம் ஆனவர்கள், உடம்பு தெம்பாக இருந்தால், சில நாளிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல் அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து, தளர்த்துங்கள். பத்துத் தடவை. படுத்துக்கொண்டே, பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிற சங்கடத்துக்கு இது நல்ல மருந்து. சிசேரியன் ஆனவர்கள் தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். 'வாயு' என்று நாமே முடிவு கட்டி, கஷாயம் போட்டுக் குடித்துவிட்டு இருந்துவிடக் கூடாது.

முதல் நாளே எல்லாவற்றையும் செய்து, மறுநாள் உடம்பு வலித்து, மூன்றாம் நாள் விட்டுவிடுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். அங்கேதான் அந்தத் தங்கை சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி பலம் எப்போதும் கையில் இருக்கட்டும். இந்த வாரம் ஐந்து, அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்த வாரம் பத்து என்று போனால் போதும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள், 'தண்ணீர் கூடுகிறது, வெளியே வாருங்கள்' என்று காவலர்கள் சொன்னால் உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு நிமிஷம்' வேண்டாம். நீங்கள் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்க வேண்டிவரும். ஆபத்து என்றால் 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். மணி அடித்ததும் அவர்கள் ஓடிவருவார்கள்.

நாமும் நம் வீட்டு மணிக்கு ஓட வேண்டியவர்கள்தான். நாளைக் காலை பால் அடுப்பில் இருக்கும்போது பதினைந்து தடவை குதிகாலை உயர்த்தி ஆரம்பித்துவிடுங்கள்.